ஆர்வி என்றாலே மனைவி பேச்சை மாற்றுகிறாள்: முதல் பயணத்துக்கு எப்படி அழைத்துப் போவது?

சாலைப்பித்தன் (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

வணக்கம் மக்களே.

ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, எடுத்துக்கொண்டு நாலு ஊர் சுற்ற வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அக்டோபரில் ஒரு வாரம் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். 30 அடி கிளாஸ் சி வண்டி (வேன் முகப்போடு வரும் நடுத்தர ஆர்வி) வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். ஃப்ரீமாண்டிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, அப்புறம் பேஜ் ஊர், சயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், திரும்பும்போது லாஸ் வேகாஸ். நானும் மனைவியும் நாலு வயது மகளும்.

மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. வேண்டாம் என்று நேரே சொல்லவும் மாட்டேன் என்கிறாள். "உங்களுக்கு ஆசைன்னா போலாம்" என்கிறாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பதிலின் பொருள் தெரியும். சொகுசு ஆர்வி காணொளிகளாகத் தேடிப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

இப்படித் தயங்கிய துணையை யாராவது அழைத்துப் போயிருக்கிறீர்களா? என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

நைட்ஷிப்ட் (சான் ஹோசே)

வீட்டில் சம்மதம் வாங்கும் வித்தை தெரிந்தவன் இந்தக் குழுவில் இருந்தால் அவனுக்குச் சிலை வைக்கலாம். பதில் வருகிறதா என்று நானும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

வைகைக்கரை (சாக்ரமெண்டோ)

தம்பி, நான் உங்கள் மனைவி இருக்கும் இடத்தில் இருந்தவள். என் வீட்டுக்காரர் ஆர்வி என்று ஆரம்பித்தபோது நானும் "போலாம்" என்றுதான் சொன்னேன். மலையும் பாலைவனமும் எனக்கும் பிடிக்கும். மூன்று வேளையும் நானே சமைத்து, கையகல சிங்க்கில் நானே கழுவி, படுக்கையை நானே விரித்து மடித்து, இதற்குப் பெயர் விடுமுறையா என்பதுதான் என் கேள்வி. அவர் அதைக் கேட்கவே இல்லை. சூரிய அஸ்தமனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று எங்களிடம் கேட்கிறீர்கள். என்ன பிடிக்கவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? சமையலா, டாய்லெட்டா, ராத்திரி பயமா, தூக்கமா, அவ்வளவு பெரிய வண்டியை நீங்கள் ஓட்டப்போவதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காணொளியை மூடிவைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

டெக்சாஸ்_பெரியப்பா (டாலஸ்)

வைகைக்கரை அம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குள் உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன சுற்று 1,900 மைலுக்குப் பக்கத்தில் வரும். கிராண்ட் கேன்யன் போவதற்கே 750 மைலுக்கு மேல். காரில் 13 மணி நேரம் என்று மேப் காட்டினால் ஆர்வியில் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் சி வண்டியை மணிக்கு 60, 62 மைலுக்கு மேல் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காதில் பாத்திரக் கடை சரிந்து விழும். மலை ஏற்றத்தில் 45க்கு இறங்கும். எதிர்க்காற்று அடித்தால் கை வலிக்கும். நாள் முழுக்க ஓட்டிவிட்டு இருட்டில் இடம் தேடி, இருட்டிலேயே குழாய் மாட்டி, பசியோடு அழும் குழந்தையோடு முதல் இரவைத் தொடங்கினால், ஏற்கெனவே இஷ்டமில்லாதவர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுவார். முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 150 மைல் போதும். நாலு மணிக்குள் இடம் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, சயான். கிழக்கு வாசலிலிருந்து உள்ளே வரும் சயான்–மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை 1930இல் திறந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்குப் போட்டது. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. வாடகை கிளாஸ் சி பெரும்பாலும் இரண்டையும் தாண்டும். பேஜ் பக்கமிருந்து நீங்கள் வரப்போவது அந்த வழியில்தான். பூங்காவின் தளத்தில் அப்போதைய விதி என்ன என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். மொன்டானாவில் கிளேஷியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையும் இப்படித்தான். நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போக முடியாது.

மூன்றாவது, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். அக்டோபர் இரவுகளில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். அங்கே மாதர் (Mather) என்ற முகாமில் மின் இணைப்பு கிடையாது. பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு, ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இடமெல்லாம் அருமையான இடம்தான். முதல் தடவைக்கு ஆகாது.

சாலைப்பித்தன்

நன்றி அக்கா, நன்றி பெரியப்பா. நேற்று ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு உட்கார்ந்து கேட்டேன். முதலில் "ஒண்ணுமில்ல" என்றாள். கொஞ்சம் சும்மா இருந்தேன். அப்புறம் வந்தது பாருங்கள், பட்டியல்!

டாய்லெட் நாற்றம், அதை யார் சுத்தம் செய்வது. வைகைக்கரை அக்கா சொன்ன மாதிரியே சமையல், அச்சு அசலாக அதே வார்த்தைகள். கட்டிலில் ஒருவரைத் தாண்டி இன்னொருவர் இறங்க வேண்டும் என்பது. ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் என்ன செய்வது. ஓடும் வண்டியில் குழந்தை எங்கே உட்காரும். கடைசியாக, "நீங்க ரிவர்ஸ் எடுக்கறப்போ நான் கீழ நின்னு கையாட்டணும், நீங்க என்னைக் கத்தணும், அதுக்கு நான் வரணுமா?"

கடைசியில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

நைட்ஷிப்ட்

அந்தக் கடைசிப் பாயிண்டை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மனைவியின் நம்பர் கேட்கிறாள்.

பூமாலை (சான் டியேகோ)

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். ஆசை எனக்கு, தயக்கம் என் கணவருக்கு. வாரம் முழுக்க ஆபீசுக்கு ஓட்டுகிறேன், லீவிலும் லாரி ஓட்டச் சொல்கிறாயா என்றார். நியாயம்தானே? அதனால் வண்டியை ஓட்டுகிற பகுதியையே எடுத்துவிட்டேன்.

தனியார் தங்கள் ஆர்வியை வாடகைக்கு விடும் தளங்கள் இருக்கின்றன, அவுட்டோர்ஸி, ஆர்விஷேர் போல. பல உரிமையாளர்கள் முகாமுக்கே கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, குழாயெல்லாம் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். நாம் காரில் போய் இறங்கினால் போதும், முடிந்ததும் அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். கொண்டுவந்து விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் பெட்ரோல் செலவு மிச்சம், கார் கையில் இருக்கும், ரிவர்ஸ் சண்டை கிடையவே கிடையாது. எல்லா முகாமும் இதை அனுமதிக்காது, பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

என் கணவர் ஒரு சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், "இதை ஓட்டுவது கஷ்டமா?" என்று அவராகவே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை அவர்தான் ஓட்டினார்.

டெக்சாஸ்_பெரியப்பா

பட்டியல் வந்துவிட்டதா? நல்லது. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

டாய்லெட். வண்டிக்கு அடியில் மூன்று டாங்க். நல்ல தண்ணீருக்கு ஒன்று, சிங்க் ஷவர் தண்ணீருக்கு கிரே, டாய்லெட்டுக்கு பிளாக். நாற்றம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் போதாமை. புதிதாக வருபவர்கள் டாங்க் நிரம்பிவிடுமே என்று பயந்து சிக்கனமாக ஊற்றுவார்கள். திடக்கழிவு அடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நம் ஆட்கள் சொம்பும் மக்கும் வைத்துத் தாராளமாகப் புழங்குவது பிளாக் டாங்குக்கு உண்மையில் நல்லது. பேப்பரும் குறைவு. இரண்டு இரவுக்கு மூன்று பேர் புழங்கி அது நிரம்பாது. முதலில் நிரம்புவது கிரே டாங்க்தான், பாத்திரம் கழுவுகிற தண்ணீரால். சோற்றுப் பருக்கை, எண்ணெய், புளிச்சக்கை எதுவும் சிங்க்கில் போகக்கூடாது. தட்டை டிஷ்யூவால் வழித்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

முழு இணைப்பு (தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய்) இருக்கும் இடத்தில் நிற்கும்போது பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், மற்றது கோபுரமாக நிற்கும். நிரம்பிய பிறகோ கிளம்பும்போதோ ஒரே மூச்சில் திறக்க வேண்டும். முதலில் பிளாக், அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஒரு பெட்டி மலிவு கையுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை உங்களுடையது, முழுக்க உங்களுடையது. தங்கை அந்தக் குழாயைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

குழந்தை. கார் சீட்டை முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில்தான் கட்ட வேண்டும். பெரும்பாலான கிளாஸ் சி வண்டிகளில் சாப்பாட்டு மேசையில் அப்படி ஓர் இருக்கை இருக்கும். பக்கவாட்டு சோபாவில் கட்டவே கூடாது. வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக்கூடாது, டீ போடுகிறேன் என்று கிளம்பக்கூடாது. படத்தில் காட்டுகிற மாதிரி கட்டிலில் படுத்துக்கொண்டு போவதெல்லாம் நினைக்கவே வேண்டாம்.

ரிவர்ஸ். இதற்கு ஒரே தீர்வு ரிவர்ஸ் எடுக்காமல் இருப்பது. பதிவு செய்யும்போது புல் த்ரூ இடமாகப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். கிடைக்காவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சைடு கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் வண்டி நின்றுவிட வேண்டும். கத்த ஆரம்பித்தால் ஓட்டுகிறவர் இறங்கிக் கீழே நிற்க வேண்டும், நிற்கிறவர் ஏறி ஓட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் சட்டம்.

யாழ்_டொராண்டோ

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் ஒண்டாரியோவில் நாங்கள் டிரெய்லர் இழுத்துக்கொண்டு போறனாங்கள். இங்கே மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் மின்சாரம் மட்டும்தான் இடத்திலேயே கிடைக்கும். கழிவை வெளியேற போகும்போது ஒரு நிலையத்தில் விட வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னமே பதிவு திறக்கும், நல்ல இடங்கள் காலை ஏழு மணிக்கே போய்விடும்.

மனுசிக்கு முதலில் துப்புரவாக விருப்பமில்லை. குசினி வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்றால் உதவி செய்தேன் என்று அர்த்தமில்லை. சாமான் பட்டியல் போடுவதிலிருந்து கோப்பை கழுவுவது வரை. இறைச்சிக் கறியை வீட்டிலேயே சமைத்து உறைய வைத்துக் கொண்டுபோனேன். அங்கே சோறு, இல்லாவிட்டால் பாண். "இண்டைக்கு என்ன சாப்பாடு" என்று அவ கேட்டதுதான் அவவுக்கு விடுமுறை தொடங்கின நேரம்.

இன்னுமொன்று. போகும் காலத்தைப் பாருங்கோ. ஒரு தம்பதி மே கடைசியில் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போய், கறுப்பு ஈக் கடியில் முகம் வீங்கி வந்தவை. அந்தப் பெண் இனி ஆர்வி என்ற சொல்லையே கேட்க மாட்டா. அது வண்டியின் பிழை இல்லைத்தானே.

வைகைக்கரை

யாழ் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. "நான் ஹெல்ப் பண்றேன்" என்று சொல்லாதீர்கள் தம்பி. ஹெல்ப் என்றால் பொறுப்பு இன்னும் அவர் தலையில்தான்.

சமையலில் சில நடைமுறை. தாளிப்பு, அப்பளம், தோசை எதையும் உள்ளே செய்ய வேண்டாம். புகை அலாரம் அலறும், வாசனை மெத்தைக்குள் போய்விடும், வாடகைக்காரர் சுத்தம் செய்யத் தனிக் காசு கேட்பார். ஒரு சின்ன கேஸ் அடுப்பை வெளி மேசையில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி உடனே குளிராது, பல வண்டிகளில் குளிர ராத்திரி முழுக்க ஆகும். முதல் நாளே போடச் சொல்லுங்கள், நீங்களும் எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிரவைத்து உள்ளே வையுங்கள். மாவை டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். குலுங்கிப் பொங்கி வழிந்தால் துடைப்பதற்குள் உயிர் போய்விடும். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே துண்டு வையுங்கள். பெரியப்பா சொன்ன பாத்திரக் கடைச் சத்தம் அதில்தான் பாதி.

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசி ஓடும்போது இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் பிரேக்கர் விழும். அப்புறம் ஒருவர் டார்ச்சோடு பிரேக்கர் தேட, இன்னொருவர் வியர்வையோடு முறைக்க... அந்தக் காட்சி வேண்டாம்.

கட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 25 அடி வண்டிகளில் கட்டில் மூலையில் ஒட்டியிருக்கும், சுவர் ஓரம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இருபக்கமும் நடக்க இடமுள்ள கட்டில் வேண்டும் என்று கேட்டு எடுங்கள். வீட்டுத் தலையணை, வீட்டுப் போர்வை.

டாய்லெட் பற்றி ஒன்று சொல்லட்டுமா? நானும் அதைத்தான் நினைத்துப் பயந்தேன். இன்றைக்கு நான் ஆர்வியில் ஏறுவதற்கு முதல் காரணமே அதுதான். நம் பெண்கள் ஐ-5 நெடுஞ்சாலையில் போகும்போது தண்ணீர் குடிக்காமலே வருவதைப் பார்த்திருப்பீர்கள், ரெஸ்ட் ஏரியாவுக்குப் பயந்து. எனக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. நானே கழுவிய, எனக்கு மட்டுமான, தண்ணீர் உள்ள டாய்லெட் என் கூடவே வருகிறது. இதை எந்த ஆர்வி விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள், ஆண்கள் எடுக்கிறார்கள் போல.

கணக்குப்பிள்ளை (சியாட்டில்)

ஹோட்டலை விட மலிவு என்று சொல்லி யாரும் மனைவியைச் சம்மதிக்க வைக்க வேண்டாம். அவர்கள் கூட்டிப் பார்ப்பார்கள்.

நாள் வாடகை ஒன்றுதான் விளம்பரத்தில் வரும். அதற்கு மேல் மைலுக்கு இத்தனை சென்ட், ஜெனரேட்டர் மணிக்கு இத்தனை, படுக்கை விரிப்பு பாத்திரத்துக்குத் தனி, முகாம் கட்டணம், காப்பீடு. கிளாஸ் சி ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல் கொடுக்கும். சாலைப்பித்தனின் 1,900 மைல் சுற்றுக்கு 190 முதல் 240 காலன். காலன் 4.50 டாலர் என்று வைத்தாலே 850இலிருந்து 1,080 டாலர் வரை பெட்ரோலுக்கு மட்டும். அந்தக் காசுக்கு நல்ல அறையே கிடைக்கும். நான் ஆர்விக்கு எதிரி இல்லை, ஆனால் காசு மிச்சம் என்பது அதற்கான காரணம் இல்லை.

காப்பீட்டில் கவனம். சொந்தக் கார் காப்பீடும் கிரெடிட் கார்டும் வாடகை ஆர்வியைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. வண்டி எடுக்கும்போது கூரை முதல் டயர் வரை வீடியோ எடுங்கள். ஹீட்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு நான்கையும் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் வேலை செய்யும் சார்" என்ற பேச்சை நம்பி ஒரு குளிர் ராத்திரியை ஹீட்டர் இல்லாமல் கழித்த குடும்பம் எங்களுடையது.

தனிக்காட்டு_ராஜா (ஃபீனிக்ஸ்)

எல்லோரும் எப்படி அழைத்துப் போவது என்றே பேசுகிறீர்கள். ஏன் அழைத்துப் போக வேண்டும்? எனக்கு மீன்பிடிக்கப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. நான் போகிறேன், அவள் தங்கை வீட்டுக்குப் போகிறாள், இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு திரும்புகிறோம். நண்பர்களோடு போய்ப் பாருங்கள் தம்பி. ஆசையும் தீரும், யார் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டாம்.

பூமாலை

அதுவும் ஒரு வழிதான் ராஜா சார். ஆனால் நாலு வயதுக் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு இவர் நண்பர்களோடு ஒரு வாரம் ஆர்வியில் போனால், திரும்பி வரும்போது வீட்டுச் சாவி வேலை செய்யுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனிக்காட்டு_ராஜா

சரி, குழந்தை விஷயத்தை யோசிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கல்லூரியில். வாபஸ்.

சாலைப்பித்தன்

கிராண்ட் கேன்யனை இப்போதைக்கு மடித்து வைத்துவிட்டேன். மனசு வலித்தது, மறைக்கவில்லை.

புதுத் திட்டம்: வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு திரும்புவது. பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவின் கிழக்குப் பக்க முகாம். இங்கிருந்து சுமார் 100 மைல். ஹாலிஸ்டர் தாண்டி ஹைவே 25இல் போக வேண்டும். ஆர்வி இடங்களில் மின் இணைப்பு உண்டு, கழிவு விட உள்ளேயே டம்ப் ஸ்டேஷன் உண்டு. முகாம் மேற்பார்வையாளர் இருக்கிறார் என்றதும் ராத்திரி பயம் கொஞ்சம் குறைந்தது. ஒரு தனியாரிடம் 28 அடி வண்டி, இருபக்கமும் இறங்கும் கட்டில். சமையல் நான். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: சனிக்கிழமை காலை பிடிக்கவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

டெக்சாஸ்_பெரியப்பா

அருமையான தேர்வு. அந்த நிபந்தனை இருக்கிறதே, அதை நிஜமாகவே மதியுங்கள். திரும்பிவிடலாம் என்று தெரிந்தால்தான் மனிதருக்குத் தங்கிப் பார்க்க மனசு வரும்.

கிழக்கு வாசலுக்கும் மேற்கு வாசலுக்கும் பூங்காவுக்குள் சாலைத் தொடர்பு கிடையாது. மேப்பில் வெறுமனே பூங்காவின் பெயரைப் போட்டு, மேற்கே சோலடாட் பக்கம் போய் நிற்காதீர்கள். ஹாலிஸ்டரிலேயே பெட்ரோலும் பாலும் வாங்கிவிடுங்கள், அதற்கப்புறம் கடைகள் அரிது. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டிவையுங்கள். திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பங்க் தூணை உரசுவது எப்போதும் அந்த வீச்சில்தான். ஒரு காலி பார்க்கிங் இடத்தில் அரை மணி நேரம் திருப்பிப் பழகிவிட்டுச் சாலையில் ஏறுங்கள்.

வைகைக்கரை

நிபந்தனை போட்ட அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. டார்ச் எடுத்துப் போங்கள், பேர் கல்ச் குகைக்குள் போகத் தேவைப்படும். வௌவால்களுக்காகச் சில காலம் மூடிவைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மேலே கலிபோர்னியா காண்டார் கழுகு பறந்தால் பாப்பாவுக்குக் காட்டுங்கள்.

சாலைப்பித்தன்

போய் வந்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் கணக்கைக் கொடுக்க வேண்டுமல்லவா.

வெள்ளி மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். புல் த்ரூ கிடைக்கவில்லை. மனைவி போனில், "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, நில்லுங்க" என்று கொண்டைக்கடலை விற்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னாள். நான் கத்தவில்லை. பக்கத்து இடத்து அமெரிக்கத் தாத்தா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ராத்திரி இரண்டு மணிக்குப் புகை அலாரம் நிமிடத்துக்கொரு முறை கீச் கீச். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இருட்டில் ஸ்டூல் தேடி, கழற்றி, டிராயரில் மாற்றுப் பேட்டரி தேடி எடுத்துப் போட்டேன். பாப்பா அசையவில்லை, நாங்கள் இருவரும் விழித்துவிட்டோம். காலையில் கிளம்பச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். நான் வெளியே அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தவள் கிளம்பும் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் பாப்பா கட்டிலில் தூங்க, கதவைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஹோட்டலில் குழந்தை தூங்கினால் விளக்கை அணைத்துவிட்டு நாங்களும் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். இது வேறு மாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

வரும் வழியில் ஹைவே 25இல் பாப்பாவுக்கு அவசரம். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், வேலி, மாடு. அகலமான ஓரத்தில் நிறுத்தினேன், பின்னால் நான்கு எட்டு, வேலை முடிந்தது. மனைவி என்னைப் பார்த்து, "உங்க குரூப்ல ஒரு அக்கா எழுதியிருந்தாங்களே, சரிதான்" என்றாள். வைகைக்கரை அக்கா, புகழ் உங்களுக்கே.

இனி மறுபக்கம். ஷவரை அவள் ஏற்கவே இல்லை. சோப்பு போடும்போது தண்ணீரை நிறுத்து, மறுபடி திற என்பதெல்லாம் குளியலே இல்லையாம். வண்டி ஓடும்போது சத்தம் தாங்க முடியவில்லை என்கிறாள், துண்டு வைத்தும்கூட. இறுதித் தீர்ப்பு: இரண்டு ராத்திரி சரி, ஒரு வாரம் முடியாது. கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போய் அறையில் தங்க வேண்டும். ஆர்வியில் வேண்டுமானால் கடற்கரைப் பக்கம், சான் சிமியோன் மாதிரி, யானை சீல் பார்க்கலாம் என்று அவளே இடம் சொல்லியிருக்கிறாள்.

யாழ்_டொராண்டோ

இரண்டு ராத்திரிக்கு ஓம் என்றவவிடம் ஒரு வாரத்துக்குக் கெஞ்சப் போகாதேங்கோ தம்பி. அவ சொன்ன இடத்துக்கு அவ சொன்ன அளவில் போங்கோ.

கணக்குப்பிள்ளை

ஜெனரேட்டர் கட்டணம் எவ்வளவு வந்தது? மின் இணைப்பு இருந்தும் போட்டிருந்தால் வீண்.

சாலைப்பித்தன்

போடவே இல்லை சார். பேட்டரி மாற்றியதற்கு உரிமையாளரிடம் காசு கேட்கலாமா என்று யோசிக்கிறேன், மனைவி வேண்டாம் என்கிறாள்.

புதுப்பட்டி_சிவா (மில்பிடாஸ்)

நல்ல இழை, முழுவதும் படித்தேன். என் மனைவியும் இதே கட்சி. வசந்தத்தில் 25 அடி வண்டியில் யோசெமிட்டி பள்ளத்தாக்கு போகலாமா? அருவிகளைச் சொன்னால் வருவாள் என்று நினைக்கிறேன்.

டெக்சாஸ்_பெரியப்பா

அருவிக்கு மே மாதம் நல்ல சமயம். ஆனால் யோசெமிட்டி பூங்கா முகாம்களில் எதிலும் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும்தான் ஓட்டலாம். ஹேர் டிரையர், மைக்ரோவேவ் எல்லாம் அந்த நேரத்துக்குள். இதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு மரிபோசா வழியாக ஹைவே 140 சுலபம். ஹைவே 120இல் வந்தால் ஓல்ட் பிரீஸ்ட் கிரேடு என்ற செங்குத்தான மலைச்சாலை பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், புதிய பிரீஸ்ட் கிரேடில் ஏறுங்கள். முதல் பயணம் என்றால் பூங்காவுக்கு வெளியே முழு இணைப்புள்ள இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யார்ட்ஸ் பேருந்தில் உள்ளே போய் வாருங்கள்.

வைகைக்கரை

சிவா தம்பி, அருவி இருக்கட்டும். அவருக்கு என்ன பிடிக்கவில்லை என்று கேட்டீர்களா?

மட்டுறுத்துநர்

யோசெமிட்டி கேள்வியைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பதில்களை அங்கே தொடரவும்.